உலக்கை அருவிக்கு நடந்து ஏறுறவங்க கவனத்துக்கு: பாலமோர் மழைக்கணக்கு, அனுமதி, கயிறு, கயம்

#1 புத்தேரிக்காரன்

ஐப்பசி கடைசி ஞாயித்துக்கிழமை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து உலக்கை அருவிக்கு ஆறு பேர் போகலாம்னு இருக்கோம். ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. திற்பரப்பும் காளிகேசமும் எல்லாருக்கும் பழக்கம்தான். காட்டுக்குள்ள நடந்து ஏறுற அருவி இதுதான் முதல் தடவை. அனுமதி யார்ட்ட கேக்கணும், எத்தனை மணிக்குக் கிளம்பணும், என்னென்ன எடுத்துக்கணும்? காலையில நாகர்கோவில் வடசேரியில வெயில் அடிச்சா தைரியமா ஏறிரலாமா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

#2 அசம்புமேடு

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: ஏறப்பிடாது. வடசேரி வெயிலுக்கும் அசம்பு மலை மழைக்கும் சம்பந்தமே கிடையாது.

மாவட்ட மழை அளவு தினமும் பேப்பர்ல வருதுல்லா, அதைப் படிக்கப் பழகுங்க. நாகர்கோவில், கொட்டாரம், மயிலாடி எல்லாத்தையும் விட்டுத்தள்ளிட்டு பாலமோர் எவ்வளவு, சுருளகோடு எவ்வளவுன்னு பாருங்க. பாலமோர் மலைமேல இருக்குற எஸ்டேட். நாகர்கோவில்ல சொட்டுக்கூட விழாத அன்னைக்கும் அங்க நல்ல மழை பதிவாகியிருக்கும். உலக்கை அருவிக்குத் தண்ணி வார்க்குறது அந்த மலைத்தொடர்தான், கீழ இருக்குற வயக்காடு இல்ல.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, அது காலை 8 மணியோட முடிஞ்ச 24 மணி நேரக் கணக்கு. பேப்பர் கைக்கு வரும்போது மழை பழசாயிரும். அதனால ஒரு நாள் கணக்கு காணாது, தொடர்ச்சியா மூணு நாள் பாக்கணும். மூணு நாளும் பாலமோர்ல பூஜ்யமோ ஒத்தை இலக்கமோ இருந்தா தண்ணி அடங்கியிருக்கும். ஒரு நாள் 15 மி.மீ. தாண்டியிருந்தாலும் நான் தண்ணிக்குள்ள இறங்கச் சொல்ல மாட்டேன், தூரத்துல நின்னு பாத்துட்டுத் திரும்பலாம். 64.5 மி.மீ.க்கு மேல போனா வானிலை மையத்தோட கணக்குப்படியே அது கனமழை, அந்த வாரத்தையே மறந்துருங்க.

ரெண்டாவது, ஐப்பசி மழையோட குணம். காலையில பளிச்சுன்னு இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல மலையில மேகம் கட்டி இடியோட கொட்டும். நீங்க அருவிக்குக் கீழ குளிச்சிக்கிட்டு இருக்குற நேரமும் அதுதான். சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கும் இதே குணம் உண்டு. ஆனியில வர்ற தென்மேற்குப் பருவமழை வேற மாதிரி, விட்டுவிட்டு நாள் முழுக்கப் பெய்யும், மூடாப்பு பாத்தாலே தெரிஞ்சிரும். அதுல ஏமாறுறவங்க குறைவு. ஐப்பசியிலதான் ஆளுங்க மாட்டுறது.

#3 மார்த்தாண்டத்துக்காரன்

அண்ணாச்சி சொன்னது சரி. இன்னொரு வித்தியாசத்தையும் சேத்துக்கோங்க. திற்பரப்புக்கு மேல பேச்சிப்பாறை அணை இருக்கு. முழுக் கொள்ளளவு 48 அடி. உபரி வெள்ளம் திறந்தா முன்கூட்டியே அறிவிப்பாங்க, குளிக்கத் தடை போடுவாங்க, கம்பியும் காவலும் உண்டு. உலக்கையில தடுக்க அணையும் இல்ல, அறிவிக்க ஆளும் இல்ல. மேல பெய்யுறது நேரா உங்க தலையிலதான். திற்பரப்புல பத்து வருசம் குளிச்ச பழக்கம் இங்க ஒண்ணுக்கும் உதவாது.

(எங்க விளவங்கோடு பக்கம் தண்ணியவே வெள்ளம்னுதான் சொல்லுவோம். நான் "வெள்ளம் வருது"ன்னா பயப்படாதீங்க, குடிக்கக் கேட்டதாவும் இருக்கலாம்.)

#4 பரளியாறு

எவ்வளவு தண்ணி எவ்வளவு சீக்கிரம் வரும்னு ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சதுர கிலோமீட்டர்ல 1 மி.மீ. மழை பெய்தா 10 லட்சம் லிட்டர். பேச்சுக்கு, நீரோடைக்கு மேல 3 சதுர கிலோமீட்டர் சரிவு இருக்குன்னு வைங்க. அதுல ஒரு மணி நேரத்துல 40 மி.மீ. கொட்டினா 12 கோடி லிட்டர். காஞ்ச மண்ணா இருந்தா பெரும்பகுதியைக் குடிச்சிக்கும். ஏற்கெனவே ஊறிக் கிடக்குற ஐப்பசி மண்ணு குடிக்காது, வழிச்சு விட்டுரும். சரிவு செங்குத்து, ஓடை குறுகல், அடியெல்லாம் பாறை. அதனால ஆத்துல மணிக்கணக்குல ஏறுற மட்டம் இங்க நிமிசக் கணக்குல ஏறும்.

வர்றதுக்கு முன்னாடி அறிகுறி உண்டு. எப்பவும் இந்த வரிசையிலதான் வரும்னு கிடையாது:

தெளிஞ்ச தண்ணி கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்துக்கு மாறும். காஞ்ச சருகும் சுள்ளியும் திடீர்னு கூட்டமா மிதந்து வரும். சாதாரணமா ஒண்ணு ரெண்டு வரும், இது கொத்தா வரும். அருவிச் சத்தம் கனத்துப் போயி, பேச்சு கேக்காம கத்த வேண்டியிருக்கும். நேரத்தோடயே ஒரு அடையாளம் வச்சிக்கோங்க: வந்து சேந்ததும் தண்ணி தொடுற இடத்துல ஒரு கல்லைப் பாத்து வைங்க, இல்ல ஒரு குச்சிய நட்டு வைங்க. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஒருத்தர் அதைப் பாக்கணும். கல்லு முங்கினா அப்பவே எல்லாரும் கரைக்கு ஏறணும். துணி, பை, செருப்பு எதையும் எடுக்க நிக்கப்பிடாது. ஏறுறதும் நீங்க ஊருக்குத் திரும்புற பக்கத்துக் கரையா இருக்கணும். எதிர்க்கரையில ஏறினா மட்டம் இறங்குற வரைக்கும் அங்கேயே இருக்கணும், ராத்திரி ஆனாலும்.

#5 சும்மா_ஒருத்தன்

இவ்வளவு பயமுறுத்தணுமா? அனுமதியெல்லாம் பேருக்குத்தான். செக்போஸ்ட்ட விட்டு ரப்பர் தோட்டம் வழியா

[இதற்கு மேல் உள்ள பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது]

#6 நெறியாளர்

சோதனைச் சாவடியைத் தவிர்க்கும் வழிகளை இங்கே எழுத வேண்டாம். இதுதான் முதலும் கடைசியுமான எச்சரிக்கை.

கேட்டவருக்கு விவரம்: கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 402 சதுர கி.மீ. மாவட்டத்தின் மலைக்காட்டில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடுகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதைத் தடை செய்கிறது. 28ஆம் பிரிவு எந்தெந்தக் காரணத்துக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது. சரணாலயத்துக்கு வெளியே காப்புக்காடாக இருந்தாலும் அனுமதி தேவைதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன.

நடைமுறை: உலக்கை அருவிக்கு மக்களை விடுவதும் நிறுத்துவதும் மழை, யானை நடமாட்டம், காட்டுத்தீ காலம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். போன வருடம் யாரோ போனார்கள் என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது. போவதற்கு ஒரு வாரம் முன்பு அழகியபாண்டியபுரம் வனச்சரக அலுவலகத்திலோ நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள். முந்தைய நாள் மறுபடியும் கேளுங்கள். ஆட்களின் பெயர், வயது, அடையாள அட்டை நகல், வண்டி எண், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும். அனுமதி இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். வனத்துறை சூழல் சுற்றுலா நடத்தும் காளிகேசம் இருக்கிறது. மலையேற்றமே வேண்டுமென்றால் தமிழக அரசு 2024இல் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' தளத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் உள்ளன, வழிகாட்டியோடு பதிவு செய்யலாம்.

#7 குலசேகரம்_பால்வெட்டு

பாதை பத்தி யாரும் சொல்லல. அருவிக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேக்காதீங்க, வண்டிய எங்க நிறுத்தினாங்களோ அதைப் பொறுத்து ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க. நேரத்தைக் கணக்கு வைங்க.

இந்தப் பக்கத்து மலையடிவாரத்துல ஆளுக்கு வழி தப்புறது பெரும்பாலும் காட்டுல இல்ல, ரப்பர் தோட்டத்துல. ரப்பர் மரம் சரிவுல படிப்படியா நட்டிருக்கும். ஒவ்வொரு படியிலயும் பால்வெட்டுறவங்க தினமும் நடந்து நடந்து தேஞ்ச தடம் இருக்கும். புதுசா வர்றவனுக்கு அது அருமையான பாதை மாதிரித் தெரியும். அது மலையைச் சுத்திக்கிட்டு அந்த வரிசை மரத்தோட முடிஞ்சி போகும். அடையாளம் சொல்லுதேன்: ஒவ்வொரு மரத்துலயும் சிரட்டை கட்டியிருந்து, பாதை ஏறாம இறங்காம சமமாவே போனா அது பால்வெட்டுத் தடம். மலைக்குப் போற பாதை படிகளை வெட்டி மேல ஏறும், மழைத்தண்ணி ஓடின வாய்க்கால் மாதிரி குழிஞ்சி கல்லு தெரியும்.

பால்வெட்டு விடியறதுக்கு முன்னாடியே தொடங்கிரும், காலையில பால் எடுக்குற வரைக்கும் ஆள் இருக்கும். அந்த நேரத்துல போனா வழி கேக்க ஆள் உண்டு, ஆனை இறங்கியிருக்கா இல்லையான்னும் சொல்லுவாங்க. பத்து மணிக்கு மேல போனா சிரட்டைகிட்டதான் கேக்கணும்.

காணிக்காரர் (மலைப் பழங்குடி மக்கள்) குடியிருப்பு வழியா போக நேந்தா வீட்டையும் ஆளையும் போட்டோ எடுக்காதீங்க. காட்டுல துணைக்கு வர்றவங்களுக்குக் கூலி எவ்வளவுன்னு முன்னாலயே பேசி முடிச்சிருங்க.

#8 புத்தேரிக்காரன்

நன்றி அண்ணன்மாரே. ஐப்பசி வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. அப்ப எந்த மாசம்? செருப்பு என்ன போடணும்? நீச்சல் தெரியாத ரெண்டு பேரை என்ன செய்ய? ஒருத்தன் அருவியோட தலைக்கு ஏறி ரீல்ஸ் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்.

#9 அசம்புமேடு

தை. மார்கழி பாதிக்கு மேல வடகிழக்கு மழை ஒதுங்கும், மண்ணு இறுகும், ஓடையில தண்ணி நெறைய இருக்கும், நிறமும் தெளிஞ்சிருக்கும். மாசி, பங்குனியில தண்ணி மெலிஞ்சாலும் அருவி வத்திப் போகாது, ஆனா காடு காஞ்சி தீப்பயம் வந்துரும், பாதையை அடைச்சாலும் அடைப்பாங்க. ஆவணியில மழை இடைவெளி விடும்போது நல்லா இருக்கும்னு சிலர் சொல்லுவாங்க. அட்டையும் அப்பதான் பயங்கரமா இருக்கும், அதனால எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

ரீல்ஸ் தம்பிக்கு: அருவியோட தலைப்பாகம் பாக்க சமமா இருக்கும். ஓரத்துல தண்ணி ஒரு விரல் கனத்துலதான் ஓடும். அந்த ஒரு விரல் தண்ணிதான் ஆபத்து. நிழல்ல எந்நேரமும் நனைஞ்சிருக்குறதால பாசி பூசினாப்ல இருக்கும், பாறை வெளிப்பக்கமா சாஞ்சிருக்கும், பிடிக்கச் செடியே இருக்காது. உக்காந்து நகந்தாலும் சறுக்கும். மேல ஏறாதீங்க, அவ்வளவுதான். டிரோனும் வேண்டாம், காட்டுல அதுக்குத் தனி அனுமதி வேணும்.

#10 கீரிப்பாறை_மழை

செருப்பு விசயம். வார்ச்செருப்பு, ஹவாய் எதுவும் வேண்டாம். கெட்டிப் பிளாஸ்டிக் அடி உள்ள ஷூ மண்ணுல நல்லா நிக்கும், ஈரப்பாறையில கண்ணாடி மேல நிக்குற மாதிரி. அடி மெத்துன்னு, நகத்தால அமுக்கினா பள்ளம் விழுற ரப்பரா இருக்கணும். தோல் பூட்ஸ் ஒருக்கா நனைஞ்சா கனத்துப் போயி காலை உரசிக் கொப்புளம் ஆக்கும். கேன்வாஸ் ஷூ போதும், கயிறு இறுக்கிக் கட்டுறதா இருக்கணும்.

பாசிப் பாறையில ஷூவுக்கு மேல பழைய பருத்திச் சாக்ஸை இழுத்து மாட்டினா நல்லாப் பிடிக்கும். தும்புக்கயிறு ரெண்டு சுத்து கட்டுறவங்களும் உண்டு. பிடிக்கத்தான் செய்யும், ஆனா அவுந்தா அதுவே காலை வாரிவிட்டுரும். பாறையைப் பாத்தே படிக்கலாம்: வெளுத்த சாம்பல் நிறம்னா காஞ்சது, மிதிக்கலாம். கறுப்போ கரும்பச்சையோ மினுக்கினா சுத்திப் போங்க. இறங்கும்போது பாறைக்குப் பாறை குதிக்காதீங்க. கணுக்கால் பிசகுறது முக்காவாசி திரும்பி வரும்போதுதான், காலு சோந்திருக்கும்.

#11 பரளியாறு

நீச்சல் தெரியாதவங்க முழங்காலுக்கு மேல இறங்கப்பிடாது. நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் அருவி விழுற கயத்துல, அதாவது ஆழமான பள்ளத்துல, நீச்சல் பெருசா உதவாது. மேல இருந்து விழுற தண்ணி காத்தையும் அடிச்சி உள்ள கொண்டு போகும். வெள்ளையா நுரைச்சி நிக்குற இடத்துல பாதி காத்துதான், அது ஆளைத் தாங்காது. குளத்துல மிதக்குறவன் அங்க முங்குவான். அதோட விழுற தண்ணி அடியில போயி, மேல்பரப்புத் தண்ணியை அருவியைப் பாத்துத் திரும்ப இழுக்கும். நீங்க கரைக்கு நீந்துவீங்க, அது உங்களை அருவிக்குக் கீழயே கொண்டு விடும். பாறைக்கு அடியில குடைவு இருந்தா இன்னும் மோசம். அதனால குளிக்கிறது கயத்துக்குக் கீழ, தண்ணி பரந்து மெதுவா ஓடி அடிக்கல்லு கண்ணுக்குத் தெரியுற இடத்துலதான். தலைக்கு மேல நேரா விழுற தண்ணியில நிக்காதீங்க. மேலருந்து கல்லும் கம்பும் சேந்து வரும்.

ஆழம் பாக்கக் குதிக்காதீங்க. கயித்துல கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்க. நேத்து ஆறடி இருந்த இடத்துல இன்னைக்கு மரத்தடி கிடக்கும்.

ஓடையைக் கடக்குற முறை: தண்ணி வர்ற திசையைப் பாத்து நில்லுங்க. தோளுயரக் கம்பு ஒண்ணை மேல்பக்கமா ஊணி மூணாவது காலா வச்சிக்கோங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் நகத்துங்க, கம்பு, காலு, காலு. பக்கவாட்டுல நகரணும். பையோட இடுப்பு வாரைக் கழட்டி விட்டுருங்க, விழுந்தா பையை உதறிரலாம். முழங்காலுக்கு மேல வேகமா ஓடுற தண்ணியைக் கடக்கவே வேண்டாம். வேகம் ரெண்டு மடங்கானா தண்ணி தள்ளுற விசை நாலு மடங்காகும். ஆழத்தைப் பாத்து ஏமாறுறது அதனாலதான்.

இழுத்துட்டுப் போனா எந்திரிச்சி நிக்கப் பாக்காதீங்க. காலு கல்லிடுக்குல மாட்டினா தண்ணி உடம்பை முன்னால மடக்கி முங்கடிச்சிரும். மல்லாந்து, காலை முன்னால நீட்டி, பாதத்தைத் தூக்கி வச்சி மிதந்து போங்க. ஆழம் குறையுற இடத்துல சாய்வா கரைக்கு நகருங்க.

#12 முட்டம்_வலை

கயிறு பத்தி நான் சொல்லுதேன். ஆறு பேருக்கு ஒரு கயிறு கட்டாயம் வேணும். கயித்துல வித்தியாசம் உண்டு. நைலான் கயிறு தண்ணியை விடக் கனம், முங்கிரும். முங்கின கயிறு முங்குறவன் கைக்குக் கிடைக்காது, கல்லுல சிக்கும். பாலிப்ரோப்பிலீன் கயிறு மிதக்கும். எங்க பக்கம் வலைச்சாமான் கடையில கிடைக்கும். 8 மி.மீ. கனம், 20 மீட்டர், அதாவது 11 பாகம் வாங்குங்க. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலதான் வரும்.

சுருட்டிக் கட்டினா எறியும்போது முடிச்சு விழும். ஒரு மஞ்சப்பைக்குள்ள ஒரு முனையிலிருந்து சும்மா திணிச்சிக்கிட்டே வாங்க. கடைசியா மேல நிக்குற முனையில ஒரு லிட்டர் காலி பாட்டிலை மூடியோட கட்டி, உள்ள கால்வாசிக்கும் குறைவா தண்ணி விடுங்க. எறியக் கனம் கிடைக்கும், மிதக்கவும் செய்யும். பாட்டிலை வெளிய எடுத்து, கயித்தோட மறுமுனையைப் பிடிச்சிக்கிட்டு, ஆளோட தோளுக்கு மேல தாண்டி விழுற மாதிரி எறியணும். ஆளு முன்னால விழுந்தா அவன் கைக்கு வராது.

எறியுறவன் உக்காந்து, காலைக் கல்லுல முட்டுக் குடுத்து எறியணும். இடுப்புலயோ மணிக்கட்டுலயோ கயித்தைக் கட்டவே பிடாது, ரெண்டு பேரும் போயிருவாங்க. தண்ணியில இருக்குறவன் இடுப்புலயும் கட்டப்பிடாது. கயிறு இறுகி நின்னா தண்ணி அவனை அடியில அமுக்கும். பிடிச்சவனை எதிர்த் தண்ணியில இழுக்காதீங்க. கயித்தை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு இருந்தாப் போதும், ஊஞ்சல் மாதிரி ஓட்டமே அவனைக் கரைக்குக் கொண்டு வரும்.

நீச்சல் தெரியாதவங்களுக்கு மூடி இறுக்கின 5 லிட்டர் காலிக் கேன் ஆளுக்கு ஒண்ணு. அஞ்சு கிலோ தாங்கும், நெஞ்சோட கட்டிப் பிடிச்சா தலை மேல நிக்கும். கயித்துக்கு அது பதில் ஆகாது, ரெண்டும் வேணும்.

#13 மார்த்தாண்டத்துக்காரன்

கொள்ளாம். கடல்காரங்க சொன்னாத்தான் கயிறு விசயம் மண்டையில ஏறும். ஒண்ணு சேக்கணும்: ஒருத்தன் விழுந்தா காப்பாத்த இன்னொருத்தன் குதிக்கப்பிடாது. பல நேரம் ரெண்டாவது குதிச்சவனும் சேந்து போறான். முதல்ல கம்பை நீட்டு, எட்டலன்னா கேனை எறி, அதுக்கப்புறம் கயிறு. குடிச்சவன் எவனும் தண்ணிப்பக்கம் வரப்பிடாது, பாட்டிலைக் காட்டுக்குள்ளயே கொண்டு போகாதீங்க.

#14 மருந்துப்பெட்டி

அட்டை: தை மாசத்துல குறைவு, இல்லன்னு சொல்ல முடியாது. நெருக்கமா நெய்த நீளச் சாக்ஸ் போட்டு பேன்ட்டை உள்ள செருகுங்க. புகையிலையை ஊறவச்ச தண்ணியை சாக்ஸ்ல தேச்சா ஏறாது, மழை நனைச்சா திரும்பத் தேய்க்கணும். கடிச்சிருந்தா மெலிஞ்ச முனைக்கு அடியில நகத்தைச் சரிச்சி விட்டா கழண்டுரும். லைட்டர் வச்சிச் சுடுறது, கடிச்ச இடத்துல உப்பைக் கொட்டுறது வேண்டாம். குடிச்சதை அது காயத்துக்குள்ளயே கக்க வாய்ப்பு உண்டு. ரத்தம் உறையாம இருக்க அது எச்சில்ல ஒரு பொருளை விடுது, அதனால ரொம்ப நேரம் கசியும். பாத்துப் பயப்பட வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி இறுக்கிக் கட்டுங்க.

பாம்பு: ஓடையோர இலைச்சருகுல குழிவிரியன் வகை கிடக்கும். சருகு நிறத்துலயே இருக்குறதால மிதிக்குற வரைக்கும் தெரியாது. உக்காருற கல்லைக் கம்பால தட்டிட்டு உக்காருங்க. கடிச்சா வெட்டாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கயிறு கட்டாதீங்க. மோதிரம், வாச்சு கழட்டுங்க. கடிபட்ட காலைக் கம்பு வச்சி அசையாமக் கட்டி, ஆளை நடக்க விடாம தூக்கிக் கொண்டு வாங்க. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான். கூர்மூக்குக் குழிவிரியனுக்கு அது கேக்காது, சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால சின்ன ஆஸ்பத்திரியில முதலுதவி முடிஞ்சதும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போயிரணும். பாம்பை அடிச்சிக் கொண்டு போக வேண்டாம், தூரத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்தாப் போதும். அதுவும் முடிஞ்சா மட்டும்.

காய்ச்சல்: இதை யாரும் நினைக்க மாட்டாங்க. போயிட்டு வந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா காட்டுக்குப் போனதையும் ஓடையில குளிச்சதையும் டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். எலிக்காய்ச்சல் காயத்து வழியா ஓடைத் தண்ணியில வரும். உண்ணிக்காய்ச்சல்ல அக்குள், இடுப்பு மடிப்புன்னு மறைவான இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும், தேடிப் பாத்தாத்தான் தெரியும். ரெண்டுமே சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மருந்துல போற நோவு.

காஞ்சொறி பட்டா தேய்க்காதீங்க, சுணை இன்னும் உள்ள போகும். பிளாஸ்திரியை ஒட்டி உரிச்சி எடுங்க.

#15 குலசேகரம்_பால்வெட்டு

ஆனைக்கு ஒரு வரி. ஆவி பறக்குற லத்தி, ஈரம் காயாத ஒடிஞ்ச கொப்பு, மூத்திர வாடை, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா வந்த வழியே திரும்பணும். ஓலைப்படக்கு (ஓலைப்பட்டாசு), விசில் ஒண்ணும் வேண்டாம். அருவிச் சத்தத்துல நம்ம பேச்சு அதுக்குக் கேக்காது, அது நடக்குறது நமக்கும் கேக்காது. அதனால ஓடை வளைவுல நின்னு பாத்துட்டுத் திரும்புங்க. பழத்தோலைக் காட்டுல எறியுறவன்தான் நாளைக்கு ஆனையைப் பாதைக்குக் கூப்பிடுறவன்.

#16 கீரிப்பாறை_மழை

சாப்பாட்டுக்கு: மட்டிப்பழம், அவலும் கருப்பட்டியும், அவிச்ச மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). மணக்குற பிரியாணி குரங்கைத்தான் கூட்டும். குடிக்கத் தண்ணி ஆளுக்கு 2 லிட்டர். ஓடைத் தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் மேல ஆனையும் மிளாவும் (பெரிய மான்) இறங்குற தண்ணிதான், கொதிக்க வைக்காமக் குடிக்காதீங்க. காட்டுல தீ மூட்டவும் பிடாது, அதனால வீட்டுலருந்தே கொண்டு போயிருங்க. போனை ரெண்டு பாலித்தீன் கவர்ல கட்டுங்க. பள்ளத்துல சிக்னல் கிடைக்காது. "இத்தனை மணிக்குள்ள கூப்பிடலன்னா வனச்சரகத்துக்குச் சொல்லு"ன்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

நேரம்: ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்க. அருவிக்கு வந்தாலும் வராட்டாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்பிரணும். மலை மேற்க மறைக்கிற பள்ளத்துல சூரியன் விழுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே இருட்டும். இறங்குறதுக்கு ஏறின நேரத்துக்குக் குறைவா கணக்கு வைக்காதீங்க, ஈரச் சரிவுல இறக்கம்தான் மெதுவா போகும். ஆளுக்கொரு டார்ச் வேணும், போன் லைட் கணக்குல வராது.

#17 புத்தேரிக்காரன்

தை மூணாவது ஞாயிறுன்னு வச்சாச்சு. நீச்சல் தெரியாத ரெண்டு பேர்ல ஒருத்தன் கரையில கல்லுக்குக் காவல் இருக்க ஒத்துக்கிட்டான். ரீல்ஸ்காரன் இன்னும் முறுக்கிட்டு நிக்கான், அவனைக் கயித்துப் பைக்குப் பொறுப்பாக்கிட்டோம். நாகர்கோவில் கடையில கயிறு கேட்டா எல்லாமே மிதக்கும்ங்கான். எப்படித் தெரிஞ்சிக்க?

#18 முட்டம்_வலை

கடைக்காரன் வாயை நம்பாதீங்க. ரெண்டு கயிறும் பாக்க ஒண்ணுபோலதான் இருக்கும், நிறத்தை வச்சிச் சொல்ல முடியாது. ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லி, கடையிலயே ஒரு வாளித் தண்ணியில போட்டு, உள்ள இருக்குற காத்துப்போக நல்லாப் பிழிஞ்சி அமுக்கி விடுங்க. மேல வந்தா வாங்குங்க. வாங்கினதும் முனை ரெண்டையும் தீயில லேசா உருக்கி விட்டுருங்க, இல்லன்னா பிரி பிரியா பிரிஞ்சிரும். போறதுக்கு முன்னாடி வீட்டு முத்தத்துல ஆளுக்குப் பத்து எறி எறிஞ்சு பாருங்க, ரீல்ஸ்காரத் தம்பி இருபது.